பஞ்சும் வெயிலும் பட்ட பின்பும் அழகு குறையாத கணினி: உயர்தர டெஸ்க்டாப்புகளை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பின்னலாடைக்கு அச்சு வடிவம் வரைகிறவரும், கோவை கணபதியில் பம்ப் உறைகளுக்கு முப்பரிமாண வரைபடம் போடுகிறவரும், ஈரோட்டில் கல்யாண வீடியோ தொகுக்கிறவரும் சில லட்ச ரூபாய்க்கு டெஸ்க்டாப் வாங்கப் புறப்படும்போது, செயலியின் பெயரையும் கிராபிக்ஸ் கார்டின் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவையெல்லாம் எந்தப் பெட்டிக்குள் உட்காரப் போகின்றன, அந்தப் பெட்டி எந்த அறையில் நிற்கப் போகிறது என்ற கேள்வி மட்டும் கடையில் வண்ண விளக்கு எரியும் கேபினெட்டைப் பார்த்த பிறகுதான் எழுகிறது. மொத்தக் கணினியையும் ‘சிபியு’ என்றே அழைத்துப் பழகிவிட்டதால், பெட்டியைத் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை.

தோற்றமும் பயன்பாடும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் நினைக்கவில்லை. வாங்கிய அன்று எல்லாப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். எட்டு மாதம் பனியன் பஞ்சும், ஆடிக் காற்றின் புழுதியும், சித்திரை வெயிலும் பட்ட பிறகு, பத்து நிமிட வேலையில் பழையபடி ஆக்கிவிட முடிகிற பெட்டியைத்தான் நான் அழகானது என்று ஒப்புக்கொள்வேன். இந்த வழிகாட்டி முழுவதற்கும் அதுவே அளவுகோல்.

முதல் படி: மென்பொருளை வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் போதும். சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை; ஆப்பிளின் சொந்தச் சில்லான ஆப்பிள் சிலிக்கான் உள்ள மேக்கில் அவை நேரடியாக ஓடுவதில்லை. எனவே பம்ப், வார்ப்படம், அச்சு ஆகிய துறைகளில் இருப்பவர் மேக் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். வீடியோ, ஒலி, புகைப்படம் ஆகியவற்றோடு நிற்பவருக்கு அந்தத் தடை இல்லை. எம்பிராய்டரி, அச்சு வடிவ மென்பொருள்களைப் பொறுத்தவரை, உங்களிடம் இருக்கும் பதிப்பு எதில் ஓடும் என்று விற்றவரிடமே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நாடாவை எடுத்து இடத்தை அளந்து கொள்ளுங்கள்

கணினியைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கப் போகும் இடத்தை அளக்க வேண்டும். அகலம், உயரம், ஆழம் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு: பெட்டியின் பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே கையை விட்டு ஒரு வயரைச் சொருகுவதற்கான இடைவெளி. அரையடியாவது இல்லாவிட்டால் வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வரும். அலமாரி போல மூன்று பக்கமும் அடைத்துத் தச்சர் செய்து கொடுத்த ‘சிபியு அறை’ உள்ள மேசை உங்களிடம் இருந்தால், அந்த அறையை மறந்துவிடுங்கள். அது உயர்தரக் கணினிக்கான இடமே இல்லை.

தரையில் வைப்பதா, மேசையில் வைப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் பட்டன்களும் யூஎஸ்பி வாய்களும் எங்கே இருக்க வேண்டும் என்பது அமையும். தரையில் நிற்கும் பெட்டிக்கு மேல்புறத்தில் வாய்கள் இருப்பது கைக்கு வசதியாகத் தெரிந்தாலும், தறிக்குடோனை ஒட்டிய அலுவலகத்தில் அந்த வாய்கள் ஒரே மாதத்தில் பஞ்சடைத்துப் போகும். மேசையில் நிற்கும் பெட்டிக்கு முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் வாய்கள் இருந்தால் போதுமானது.

அளவைப் பற்றி ஒரு சொல். எல்லா உறுப்புகளும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் சாதாரண அளவான ஏடிஎக்ஸ் 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது, சிறிய அளவான மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம். மினி ஐடிஎக்ஸ் பெட்டிகள் வரவேற்பு மேசையில் பூச்சாடி போல அழகாக அமரும். ஆனால் அதில் விரிவாக்கத்திற்கு ஒரே ஒரு ஸ்லாட், நினைவகத்திற்கு இரண்டே இடங்கள். பின்னால் எதையாவது சேர்க்கும் எண்ணம் துளியாவது இருந்தால் இந்த அளவைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாம் படி: முகத்தைப் பாருங்கள், ஆனால் மூக்கு எங்கே என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் நான் சூடுபட்டேன். திருப்பூரில் துணி வெட்டும் தளத்திற்கு மேல்மாடியில் இருக்கும் வடிவமைப்பு அறைக்காக, என் மைத்துனருக்கு நானே முன்னின்று ஒரு கணினியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். முன்பக்கமும் இடப்பக்கமும் முழுக் கண்ணாடி. துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர் நின்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அழகு. எட்டாம் மாதம் அது அரைமணிக்கொரு முறை தானாக அணைந்தது. திறந்து பார்த்தபோது செயலியைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் தகடுகள் மேல் பஞ்சு ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. விரலால் ஓரத்தை நெம்பினால் முழுதாக உரிந்து வந்தது. அதன் குறுக்குவெட்டில் வெள்ளை, அதற்கு மேல் கருநீலம், அதற்கு மேல் சிவப்பு என்று கீழ்த்தளத்தில் எந்தெந்த மாதம் எந்த நிறத் துணி ஓடியது என்பதன் வரலாறே அடுக்காக இருந்தது. சரிசெய்ய வந்த இளைஞர் என்னைக் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை: “ஏனுங்கண்ணா, மூஞ்சி பூராக் கண்ணாடிய வெச்சுப்போட்டா காத்து எங்கிருந்துங்க உள்ள வரும்?”

அந்தக் கேள்வியையே ஒவ்வொரு பெட்டியிடமும் கேளுங்கள். கண்ணாடி முகம் உள்ள கேபினெட்டில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டுக் குறுகிய இடுக்குகள் வழியாகவோ அடிப்புறத்தின் வழியாகவோதான் நுழைய வேண்டும். இடுக்கு சிறியதாக இருந்தால் பஞ்சு அங்கேயே கூடு கட்டும். வலை முகம் உள்ளவை பார்வைக்கு எளிமையானவை, ஆனால் மூச்சு தாராளமாக விடுகின்றன. மூன்றாவது வகையில் அழகும் காற்றும் ஒரே உறுப்பிலிருந்து கிடைக்கின்றன. 2022-இல் வந்த ஃபிராக்டல் நார்த் கேபினெட்டின் முகத்தில் வால்நட் அல்லது ஓக் மரச் சட்டங்கள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டுள்ளன. நம் பழைய வீட்டு மரச் சன்னலைப் போல அந்த இடைவெளியே காற்றுக்கு வழி. ஆஸ்டன் மார்ட்டின் கார் நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைக்கப்பட்டு 2023-இல் வந்த லெனோவோ திங்க்ஸ்டேஷன் பிஎக்ஸும் இதே வகைதான்: கண்ணைக் கவரும் அதன் முன் கிரில்தான் அதன் மூக்கு.

இந்தப் பாடத்தைப் பெரிய நிறுவனங்களும் அடிபட்டே கற்றன. ஆப்பிள் 2000-இல் வெளியிட்ட பவர் மேக் ஜி4 க்யூப், விசிறியே இல்லாமல் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கூட்டுக்குள் நின்ற அழகிய கனசதுரம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அது இடம்பெற்றிருக்கிறது, ஆனால் விற்பனை 2001-லேயே நிறுத்தப்பட்டது. 2013-இல் வந்த உருளை வடிவ மேக் ப்ரோ 25 செ.மீ. உயரமே இருந்தது, நடுவில் முக்கோண வெப்பத்தண்டு, அதன் மூன்று முகங்களிலும் ஒரு செயலியும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும், மேலே ஒரே விசிறி. இரண்டு சிறிய கார்டுகளுக்குப் பதிலாக ஒரே பெரிய கார்டு என்று உலகம் மாறியபோது அந்த வெப்பத்தை ஏற்க வடிவத்தில் இடமில்லை. வெப்பத்தின் மூலையில் தாங்களே மாட்டிக்கொண்டதாக நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் 2017 ஏப்ரலில் செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். 2019-இன் மேக் ப்ரோவில் அலுமினியத்தைக் குடைந்து செய்த, காய்கறி துருவும் பலகையைப் போன்ற முகம் வந்தது. எட்டு விரிவாக்க ஸ்லாட், 1.4 கிலோவாட் மின்வழங்கி, மேலிருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் ஓடு முழுவதும் கழன்று வரும் அமைப்பு என்று அதில் தோற்றமும் பயன்பாடும் சேர்ந்தே நின்றன. 2023-இல் அதே ஓட்டுக்குள் எம்2 அல்ட்ரா சில்லு வந்தபோது வெளித்தோற்றம் அப்படியே இருந்தது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு சேர்க்கும் வழியும் நினைவகத்தைக் கூட்டும் வழியும் போய்விட்டன. ஓட்டைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முகத்தைப் பார்த்து முடித்ததும் தூசி வலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் சங்கடப்பட்டால் படட்டும். காந்தத்தால் ஒட்டும் வலை நல்லது. திருகாணி போட்ட வலையை யாரும் கழற்றப் போவதில்லை. அடிப்புற வலை முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ உருவ வேண்டும். பின்பக்கமாக உருவும் வலை உள்ள பெட்டியில் ஒவ்வொரு முறையும் இருபது கிலோவை இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். மூன்றாம் மாதத்திற்குப் பிறகு அதை யாரும் செய்வதில்லை. உள்ளே காற்று தள்ளும் விசிறிகளின் வேகம், வெளியே தள்ளுபவற்றைவிடச் சற்று அதிகமாக இருக்குமாறு அமைத்தால், வலையில்லாத சிறு இடுக்குகள் வழியாகப் பஞ்சு உறிஞ்சப்படுவது குறையும்.

நான்காம் படி: கண்ணாடி, நிறம், விளக்கு

கருப்பு மேட் பூச்சு கடையில் கம்பீரமாக இருக்கும். பஞ்சு வெள்ளை என்பதால் நம் பக்கத்தில் அது இரண்டே நாளில் நரைத்துப் போகும். பளபளக்கும் கருப்புப் பிளாஸ்டிக்கோ துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து இன்னும் மோசமாகும். சாம்பல் நிற அலுமினியமும் வெளிர் மர நிறமும்தான் தூசியை அதிகம் காட்டிக்கொடுக்காதவை.

விளக்குகளைப் பற்றி அச்சு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 வெளிச்சப் பெட்டியில் வைத்துச் சரிபார்க்கும் அதே அறையில், மேசை மேல் ஊதாவும் பச்சையும் மாறி மாறி எரிந்தால், திரையில் தெரியும் நிறத்தைக் கண் சரியாக மதிப்பிடாது. வண்ண விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மதர்போர்டு அமைப்பிலோ கேபினெட் பட்டனிலோ முழுதாக அணைக்க முடிகிறதா என்று கடையிலேயே அணைத்துப் பாருங்கள். தனி மென்பொருள் ஓடினால்தான் அணையும் விளக்கு, விண்டோஸ் மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் திரும்ப எரியும்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் டைல்ஸ் தரை மீது நிற்க வைக்கவே கூடாது. டெம்பர்டு கண்ணாடி நடுவில் அடித்தால் தாங்கும். ஓரம் பீங்கான் டைலில் லேசாக உரசினாலே மொத்தமும் கல்கண்டு போலச் சிதறிவிடும். ஒரு கோணிப்பையோ பழைய போர்வையோ விரித்து அதன் மேல் படுக்க வையுங்கள். கீல் போட்ட கதவு போலத் திறக்கும் கண்ணாடி இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்

திருப்புளி இல்லாமல் பக்கப் பலகை திறக்கிறதா என்பது முதல் சோதனை. டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் பணிநிலையக் கணினிகள் (வொர்க்ஸ்டேஷன்) பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தாலும் இதில் மற்றவற்றை ஓரங்கட்டிவிடுகின்றன: ஒரு தாழ்ப்பாளை இழுத்தால் பலகை வரும், வட்டுகள் தட்டோடு உருவி வரும், கை வைக்க வேண்டிய இடங்களுக்குத் தனி நிறம் தீட்டியிருக்கும். அவற்றின் குறை வேறிடத்தில் இருக்கிறது. பல மாடல்களில் மதர்போர்டும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த நிறுவனத்திற்கே உரிய வடிவில் இருப்பதால், உத்தரவாதம் முடிந்த பிறகு காந்திபுரம் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. ஆகவே, வீட்டுக்கே வந்து சரிசெய்யும் சேவை தாராபுரத்துக்கும் கோபிக்கும் எத்தனை நாளில் வரும் என்பதைக் கேட்டு, அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அசெம்பிள் செய்த கணினியில் கவனிக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டைச் சுற்றியுள்ள இடம். ஆர்டிஎக்ஸ் 4090-உம் 5090-உம் என்விடியாவின் சொந்தத் தயாரிப்பிலேயே 304 மி.மீ. நீளம், மற்ற நிறுவனங்கள் செய்பவை பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. நீளம் பொருந்திவிட்டால் போதாது. 600 வாட் வரை கடத்தக்கூடிய அந்தச் சிறிய மின் இணைப்பான் முழுதாகச் சொருகப்படாமலோ அழுந்தியோ இருந்தால் உருகிப்போகும் என்பது 2022 இறுதியில் 4090 கார்டுகளில் வெளிப்பட்டது. வயர் இணைப்பானிலிருந்து மூன்று, மூன்றரை செ.மீ. தூரமாவது நேராக வந்து அதன் பிறகே வளைய வேண்டும். பக்கக் கண்ணாடி அதை அழுத்தக் கூடாது. இரண்டு கிலோ எடையுள்ள கார்டுக்குக் கீழே முட்டுக்கொடுக்கும் தாங்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் ஸ்டுடியோவில் இந்தப் படி ஒரே வரியில் முடியும்: திறப்பதற்கு ஒன்றுமில்லை. நினைவகத்தை வாங்கும்போதே போதுமான அளவு வாங்கிவிட வேண்டும்.

ஆறாம் படி: வெப்பத்தையும் சத்தத்தையும் நம் ஊர்க் கணக்கில் பாருங்கள்

மேலைநாட்டு விமரிசனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. குளிர்விப்பான் எதுவானாலும், அறை வெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் செயலி நிற்கிறது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அங்கே 78 டிகிரியில் நின்றது, 38 டிகிரி அறையில் 90-ஐத் தாண்டும். ஏஎம்டியின் ரைசன் 9000 செயலி வரிசையின் உச்சவரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோவையில் மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருவதால் ஓரளவு தப்பிக்கலாம். சித்திரையில் 40-ஐத் தொடும் கரூரிலும் ஈரோட்டிலும் ஏசி இல்லாத அறையில் உயர்தரக் கணினியை வைப்பது பணத்தை வீணாக்குவதே.

ஏசியின் அளவும் கணக்கில் வர வேண்டும். 5090 கார்டு மட்டும் முழு வேலையில் 575 வாட் வரை இழுக்கும். செயலியும் மற்றவையும் சேர்ந்தால் மொத்தம் 800 வாட்டை எட்டும். அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3,500 வாட் வெப்பம் என்பதால், இந்த ஒரு கணினியே கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுவிடும். எட்டு மணி நேரம் ரெண்டரிங் ஓடினால் கணினிக்கு மட்டும் ஆறரை யூனிட் மின்சாரம்.

சத்தத்தைக் கடையில் சோதிக்க முடியாது. கடையின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். விசிறியின் அளவை வைத்து ஊகிக்கலாம்: ஒரே அளவு காற்றைத் தள்ள 140 மி.மீ. விசிறி 120 மி.மீ. விசிறியைவிட மெதுவாகச் சுற்றினால் போதும், அதனால் ஓசையும் குறைவு. தையல் தளத்தின் பக்கத்தில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் இரவு உட்கார்ந்து ஒலி சேர்ப்பவருக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்; மேக் ஸ்டுடியோவின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பில் பாதி இந்த அமைதிக்கானது. ஆனால் அது அடிவிளிம்பின் வழியாகக் காற்றை உறிஞ்சிப் பின்பக்கம் விடுகிற அமைப்பு. பூவேலை செய்த மேசைத் துணி மீது வைத்தால் துணியின் பஞ்சையும் சேர்த்து உறிஞ்சும். இரண்டு அங்குல உயரத்தில் ஒரு சிறு மர மணையைச் செய்து அதன் மேல் வையுங்கள்.

ஏழாம் படி: மின்சாரம்

சுவர்ப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே கணினியை இறக்குங்கள். யூபிஎஸ் வாங்கும்போது கேவிஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1 கேவிஏ என்று எழுதியிருக்கும் பலவற்றில் உண்மையில் கிடைப்பது 600 வாட்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தூய சைன் அலை தரும் யூபிஎஸ் தேவை, இல்லாவிட்டால் மின்சாரம் போகும் அதே நொடியில் கணினியும் அணையக்கூடும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுவதும் ஓட்டுவதற்கு அல்ல, வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கான பத்து நிமிடங்களுக்குத்தான் யூபிஎஸ்.

எட்டாம் படி: இரண்டை எதிரெதிரே நிறுத்துங்கள்

இந்தப் படிகளைத் தாண்டி வந்தவை பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளக்குக்குக் கிடைத்த ஐந்து மதிப்பெண், அடைபட்ட காற்றுவழிக்குப் போன ஐந்தை ஈடுகட்டிவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொன்றின் பின்புறத்தையும் பக்கப் பலகை கழற்றிய உட்புறத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்பக்கப் படங்கள் வேண்டாம், அவற்றை நிறுவனமே தந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், பம்ப் வரைபடக்காரருக்குச் சாதுவான முகத்தோடு கூடிய பணிநிலையக் கணினி. ஈரோட்டு வீடியோ தொகுப்பாளருக்கு மர மணை மேல் ஒரு மேக் ஸ்டுடியோ. திருப்பூர் அச்சு வடிவமைப்பாளருக்கு வலை அல்லது மரச் சட்ட முகமும் உருவக்கூடிய வலைகளும் கொண்ட அசெம்பிள் கணினி. பையர் பார்க்கும் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால், ஏசியுள்ள, பஞ்சு வராத அறை அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைப்பவர்கள், பார்சல் வந்ததும் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு ஆடாமல் இருக்க உள்ளே நுரைப் பஞ்சு அடைத்து அனுப்பியிருப்பார்கள். மின்சாரம் கொடுக்கும் முன் பக்கப் பலகையைத் திறந்து அதை எடுத்துவிடுங்கள். அந்த நுரையையும் அட்டைப்பெட்டியையும் உத்தரவாதம் முடியும் வரை பரணில் வைத்திருங்கள். உதிரித் திருகாணிகளை ஒரு கவரில் போட்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.